டயர்: ஆன்லைனில் 2,200 ரூபாய் குறைவு, வாங்கலாமா?

கேள்வி: புதுக்கோட்டையில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் காருக்கு ஆறு வயது, 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். சைஸ் 185/65 ஆர்15. ஆன்லைனில் ஒரு டயர் 5,150 ரூபாய். அதே கம்பெனி, அதே மாடலுக்கு எங்கள் ஊர்க் கடையில் 5,700 சொல்கிறார்கள். நான்குக்கும் சேர்த்து 2,200 ரூபாய் வித்தியாசம். "கடைக்காரர் லாபத்தை நாம் ஏன் தர வேண்டும்" என்கிறான் தம்பி. கடைக்காரரோ, "வெளியே வாங்கினால் வாரண்டி கிடையாது, பழைய டயரைத் தள்ளி விடுவார்கள், நான் மாட்டியும் தர மாட்டேன்" என்று கோபப்படுகிறார். அப்பாவின் கண் சிகிச்சைக்காக மாதம் இரண்டு முறை மதுரைக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டயர் கம்பெனியில் 14 வருடம் கிளைம் பார்த்தேன். வெடித்தது, வீங்கியது, கிழிந்தது என்று வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் டயர்களைப் பரிசோதித்து, தவறு கம்பெனியுடையதா, இல்லையா என்று எழுதுவது என் வேலை. 2018 முதல் திருச்சியில் சொந்தமாக வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் கடை வைத்திருக்கிறேன். டயரும் விற்கிறேன். அதனால் கடைக்காரர் பக்கம்தான் பேசுவேன் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமே. கணக்கையும் காரணத்தையும் முழுவதுமாகத் தருகிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைக்காரர் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார். வாரண்டி இல்லை என்பதை அப்படியே ஏற்க வேண்டாம். டயரில் உற்பத்திக் குறை இருந்தால் அதற்கு வாரண்டி தருவது டயர் கம்பெனி. கடைக்காரர் அதை வாங்கி அனுப்பி வைப்பவர் மட்டுமே. முறையான ஜிஎஸ்டி பில், பில்லில் காரின் பதிவு எண், டயரின் சீரியல் எண், இவை இருந்தால் கிளைமுக்கு வழி உண்டு. ஆனால் ஆன்லைன் தளத்தில் விற்பவர் அந்தத் தளமே அல்ல. ஏதோ ஒரு ஊரில் இருக்கும் ஒரு வியாபாரி. அவர் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவர்தானா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். விற்பவர் பெயரைச் சொன்னால் பதில் சொல்லிவிடுவார்கள்.

பழைய டயர் வரும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர், அதாவது ஜூன் மாதம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இந்த எண் முழுதாக இருக்கும். ஒரு பக்கம் பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடாமல் திருப்பிப் பாருங்கள்.

ரப்பர் ஓடினால் மட்டும் வயதாவதில்லை. சும்மா கிடந்தாலும் காற்றும் வெயிலும் சேர்ந்து அதை மெல்ல மெல்லக் கடினமாக்கும். நிழலில், சூடில்லாத குடோனில் ஒழுங்காக அடுக்கி வைத்த டயர் ஒரு வருடம் கழித்தும் நன்றாகவே இருக்கும். தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலைத் தாங்கிய டயரை அப்படிச் சொல்ல முடியாது. இதில் ஆன்லைன், கடை என்ற பேதமே இல்லை. அதிகம் ஓடாத சைஸ் என்றால் ஊர்க் கடையிலும் இரண்டு வருடம் கிடக்கும். நம் மாநிலத்திலேயே திருவொற்றியூர், அரக்கோணம், ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், உங்களுக்குப் பக்கத்தில் பெரம்பலூர் என்று டயர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உங்களுடையது நிறைய விற்கிற சைஸ். ஆறு மாதத்துக்கு உட்பட்ட டயரைக் கேட்டு வாங்குவது பேராசை இல்லை. கடையில் டயரைத் தொட்டுத் திருப்பி, எண்ணைப் படித்து, "இது வேண்டாம், வேறு எடுங்கள்" என்று அங்கேயே சொல்லலாம். ஆன்லைனில் அந்த எண்ணைப் பார்ப்பது டயர் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அப்படி வந்தால் பார்சல் பிரிப்பதை போனில் வீடியோ எடுங்கள். நான்கு டயரின் எண்களையும் படித்துப் பாருங்கள். நான்கும் ஒரே தேதியாக இருக்கத் தேவையில்லை. சில வாரங்கள் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒன்றரை வருடம் இடைவெளி இருந்தால் ரிம்மில் ஏற்றாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். ஒருமுறை மாட்டிவிட்டால் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

மாட்டித் தர மாட்டேன் என்பது அவர் உரிமை. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியில் வாங்கிய டயரை நான் மாட்டித் தருகிறேன், கூலி வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவர் ஏன் பயப்படுகிறார் என்பது எனக்குப் புரியும். உங்கள் கேள்வியில் கனமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

டயரின் உள் விளிம்பை பீட் என்போம். அதற்குள் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. டியூப் இல்லாத டயரில் ரிம்மோடு ஒட்டிக் காற்றை அடைத்து வைப்பது இந்த விளிம்புதான். மெஷினில் சோப்புக் குழம்பு தடவிப் பக்குவமாக ஏற்றினால் ஒன்றும் ஆகாது. அவசரப்பட்டோ, இரும்பு லீவர் போட்டு நெம்பியோ ஏற்றினால் விளிம்பு கிழியும். கிழிந்தது வெளியே தெரியாது.

நான் கம்பெனி வேலையை விடுவதற்கு முந்தைய வருடம் ஒரு கல்லூரி ஆசிரியர் வந்தார். ஆன்லைனில் நான்கு டயர் வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் மெஷின் இல்லாத ஒரு கடையில் மாட்டியிருக்கிறார். ஒரு சக்கரத்தில் மட்டும் 33 பாயிண்ட் இருந்த காற்று வாரத்துக்கு ஒருமுறை 20க்கு இறங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். விளிம்பில் விரல் நகம் அளவுக்கு ரப்பர் பிய்ந்து கம்பி தெரிந்தது. மாட்டும்போது நேர்ந்த சேதம், உற்பத்திக் குறை இல்லை. விற்றவரோ, "ரிம்மில் ஏற்றிய டயரை எடுக்க மாட்டோம்" என்றார். மாட்டியவர், "வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்றார். கிளைம் நிராகரிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். விதிப்படி அது சரிதான். ஆனாலும் அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் டயரை உருட்டிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. டயர் செய்தவர், விற்றவர், மாட்டியவர் என்று மூன்று பேர் இருந்தும் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

விற்றவரே மாட்டியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கிழித்தது அவர் என்றால் வேறு டயர் தர வேண்டியவரும் அவர். கடையில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு நீங்கள் வாங்குவது இதைத்தான். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, அந்தக் கூடுதல் பணம் உண்மையில் எவ்வளவு? 20,600க்கு நான்கு டயர் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. காரில் ஏறவில்லை. என் கடையில் வெளி டயருக்கு வாங்கும் கட்டணத்தையே சொல்கிறேன். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட ஒன்றுக்கு 150, நான்குக்கு 600. பேலன்சிங், அதாவது சக்கரம் அதிராமல் சுழல ரிம்மில் சிறு ஈய எடை வைத்துச் சமன் செய்வது, அந்த எடையோடு சேர்த்து இன்னொரு 600. நான்கு புது வால்வு 240. அலைன்மென்ட் 500. மொத்தம் 1,940. உங்கள் 2,200இல் மிஞ்சுவது 260 ரூபாய். டயரைக் கடைக்குக் கொண்டுபோக லோடு ஆட்டோ பிடித்தால் அதுவும் போச்சு. ஊருக்கு ஊர் இந்தக் கூலி கூடக் குறைய இருக்கும். பல கடைகளில் அவர்களிடமே நான்கு டயர் வாங்கினால் மாட்டுவதும் பேலன்சிங்கும் இலவசம், அலைன்மென்ட் மட்டும் தனி. சிலர் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு கேட்பார்கள். அதனால் கடையில் டயர் விலையைக் கேட்காதீர்கள். "மாட்டி, பேலன்ஸ் பண்ணி, வால்வு போட்டு, அலைன்மென்ட் பார்த்து, பில்லோடு வண்டியை வெளியே எடுக்கும்போது எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அவர் சொன்ன 5,700 பழைய வரி விலையாக இருந்தால், புது வரியில் அதே டயர் ஏறத்தாழ 5,255 வர வேண்டும். ஆன்லைன் விலையிலிருந்து நூறு ரூபாய்தான் தள்ளி நிற்கும். சண்டையாக வேண்டாம், "இது புது ஜிஎஸ்டி விலைதானே அண்ணே?" என்று விசாரியுங்கள். போனில் ஆன்லைன் விலையைக் காட்டிப் பேரம் பேசுவதிலும் தவறில்லை. என்னிடம் தினமும் பேசுகிறார்கள். முடிந்ததைக் குறைக்கிறேன், முடியாததை முடியாது என்கிறேன். ஆனால் "பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். பில் இல்லாத டயருக்குத்தான் உண்மையில் வாரண்டி கிடையாது.

வாரண்டியைப் பற்றி மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை பெரிது, அது உள்ளடக்குவது சிறிது. என்னிடம் வந்த கிளைம்களில் பெரும்பாலானவை பள்ளத்தில் அடிபட்டவை. வேகமாகப் போய் ஒரு குழியில் இறங்கினால் டயர் ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவே நசுங்கி உள்ளிருக்கும் நூலிழைகள் அறுகின்றன. சில நாளில் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் போல வீங்கும். "கம்பெனிக் கோளாறு" என்று கொண்டுவருவார்கள். உள்பக்கம் திருப்பினால் அடிபட்ட கிழிசல் தெரியும். காற்றுக் குறைவாக ஓட்டிய டயரில் உள்ளே சுற்றிலும் உரசிய வளையம் இருக்கும். இரண்டுக்குமே சாதாரண வாரண்டியில் பணம் வராது. குழி, ஆணி, அடி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனி உத்தரவாதம் தரும் கம்பெனிகளும் உண்டு. உங்கள் மாடலுக்கு அது இருக்கிறதா, எங்கே பதிவு செய்ய வேண்டும் என்று வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள்.

உற்பத்திக் குறை என்றே நிரூபணமானாலும் முழுப் பணம் வராது. தேய்ந்தது போக மீதிக்குத்தான். புது டயரின் பட்டன் ஆழம், அதாவது ரோட்டில் படும் பரப்பிலுள்ள வரிப்பள்ளங்களின் ஆழம், 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி 1.6 வரைதான் ஓட்டலாம், ஆகவே பயன்படுவது 6.4. இப்போது 4.8 மிச்சம் என்றால் பாதி ஓட்டிவிட்டீர்கள். புது டயர் விலையில் ஏறத்தாழ பாதி கழிவாகக் கிடைக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு சற்று மாறும்.

ஆன்லைனில் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உள்ளூரில் ஒரே ஒரு கம்பெனி டயர்தான் கிடைக்கிறது, அபூர்வமான சைஸ், கடைக்காரர் இருப்பதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றால் ஆன்லைன் பெரிய உதவி. ஆன்லைனிலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பார்சலில் வீட்டுக்கு வருவது. இன்னொன்று, இணையத்தில் மாடலைத் தேர்ந்தெடுத்து உங்கள் ஊர் டீலரிடம் நேரம் குறித்துக்கொண்டு அங்கேயே மாட்டிக்கொள்வது. சில டயர் கம்பெனிகளே தங்கள் தளத்தில் இந்த வசதி தருகின்றன. இதில் விலையும் தெரியும், மாட்டுபவரும் பொறுப்பில் இருப்பார். உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். புதுக்கோட்டையில் இல்லாவிட்டாலும் திருச்சியில் இருக்கும்.

பார்சல் வழியிலேயே வாங்கிச் சிக்கல் வந்தால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டாம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தளம் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எங்கே வாங்கினாலும் சைஸை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். 185/65 ஆர்15க்குப் பிறகு 88எச் என்பது போல ஒரு எண்ணும் எழுத்தும் வரும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் (H) என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை, டி (T) என்பது 190 வரை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் காரின் உடம்பில் ஒட்டிய ஸ்டிக்கரில் உங்கள் காருக்கு உரிய டயர் அளவும் காற்றின் அளவும் இருக்கும். எடை எண்ணும் வேக எழுத்தும் காருக்குச் சொன்னதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம், கீழே போகக் கூடாது. தளத்தில் கார் பெயரைப் போட்டால் வரும் பட்டியலை நம்ப வேண்டாம். ஒரே காரில் கீழ் வகைக்கு ஒரு சைஸ், மேல் வகைக்கு இன்னொன்று வைக்கிறார்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். வெளிநாட்டு டயராக இருந்தாலும் கார் டயருக்கு அது கட்டாயம்.

ஒருவேளை பணம் நெருக்கடியாகி, இப்போதைக்கு இரண்டு மட்டும் என்று முடிவு செய்தால், புது டயரைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது, முன்னால் போடுவோம் என்று மெக்கானிக்குகளே சொல்வார்கள். மழை ரோட்டில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். அதைச் சமாளிக்க நல்ல ஓட்டுநர்களாலேயே முடிவதில்லை.

உங்களுக்கு நான் என்ன சொல்வேன்? கடையில் வாங்குங்கள். ஆனால் கோபப்படுகிற கடைக்காரரிடமே வாங்க வேண்டும் என்றில்லை. இன்னும் இரண்டு இடத்தில் மொத்த விலையைக் கேளுங்கள். டயர் மாற்றும் மெஷினும் பேலன்சிங் மெஷினும் இருக்கிற கடையாகப் பாருங்கள். நான்கு எண்ணையும் நீங்களே படித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். "வெளிப்பக்கம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் பக்கம் வெளியே இருக்கிறதா, அம்புக்குறி இருந்தால் முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் ஈய எடை குறைவாகவே தேவைப்படும். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் முறுக்கி விட்டுவிடாமல், கடைசியில் டார்க் ரென்ச்சால், அதாவது இறுக்கும் அளவைக் குறித்து வைக்கக்கூடிய ஸ்பேனரால், காருக்குச் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழியில் பஞ்சரானால் உங்களால் கழற்ற முடியாது.

பழைய நான்கில் தேய்மானமும் வெடிப்பும் குறைந்த ஒன்று இருந்தால், ஸ்டெப்னியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு வருடம் டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கும். அதற்கும் வயது ஆறுதான். இரண்டில் நல்லதை ஸ்டெப்னியாக, அவசரத்துக்கு வேகம் குறைத்து ஓட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றை மாதம் ஒருமுறை அதிலும் பாருங்கள்.

புது டயரின் மேல்பரப்பில் அச்சிலிருந்து எடுக்கத் தடவிய வழுவழுப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். முதல் 200, 300 கிலோமீட்டர் திடீர் பிரேக்கும் வேகத் திருப்பமும் வேண்டாம். அப்பாவை அழைத்துக்கொண்டு போவதற்கு ஒரு வாரம் முன்பே டயரை மாற்றிவிட்டு, பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓட்டிப் பழக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஆனதும் கடைக்குப் போய் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். மதுரைக்குக் கிளம்பும் அன்று, வண்டி சூடாவதற்கு முன், காலையிலேயே காற்றைப் பார்த்துவிடுங்கள். திருமயம் தாண்டி வெயில் ஏறிய பிறகு பார்த்தால் நான்கைந்து பாயிண்ட் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.